திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், வெருகல் பக்கம் நியமனம் பெற்றிருக்கும் புது ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பி, தங்கச்சிமாருக்கு,

நியமனக் கடிதம் கைக்கு வந்ததற்கு முதலில் என் வாழ்த்துகள். பட்டத்தை எடுத்துவிட்டு வருஷக்கணக்காக வீட்டிலிருந்து, வேலையற்ற பட்டதாரிகளோடு வெயிலில் பதாகை பிடித்து, சொந்தக்காரர்களின் கேள்விகளுக்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து உங்களில் பலர் எடுத்த வேலை இது என்று எனக்குத் தெரியும். நான் உங்கள் அதிகாரியில்லை, ஆசிரியனும் இல்லை. கல்விப் பணிமனையொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். உங்களைப் போன்றவர்களின் கோவைகளைத் தூசு தட்டி, இலக்கம் போட்டு, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்தியதுதான் என் உத்தியோகம். கோவைகளைப் படித்துப் படித்தே மனிசரைப் பற்றி ஒருவித அபிப்பிராயம் வந்துவிடும். அதைத்தான் எழுதுகிறேன்.

நியமனம் கொடுத்த மேடையில் யாராவது ஒருவர் ‘ஆசிரியப் பணியே அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி’ என்று சொல்லியிருப்பார். அது சொல்லாமல் அப்படியொரு மேடை முடிந்ததாக எனக்கு நினைவில்லை. அன்றைக்கு இரவே வீட்டில் மாமாவோ சித்தப்பாவோ வேறொன்று சொல்லியிருப்பார். “முதல்ல போய்ப் பொறுப்பெடு. பிறகு ஆரையும் பிடிச்சு டவுனுக்கு மாறிக்கொள்ளலாம்.” இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நின்று, இந்தக் காலத்தில் கொள்கை, இலட்சியம் என்று இருந்தால் வண்டி ஓடுமா என்று உங்களில் சிலராவது யோசிப்பீர்கள். யோசிக்காதவர்களோடு எனக்குச் சண்டையில்லை. இந்த மடல் யோசிக்கிறவர்களுக்கு.

மேடையில் பேசியவரும் மாமாவும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தெரியும். உண்மையில் இரண்டு பேரும் நினைப்பது ஒன்றுதான்: இலட்சியம் என்பது ஒரு தனி ஆளின் மனசுக்குள் இருக்கிற சாமான். ஒருவர் அது உங்களிடம் இருக்க வேண்டும் என்கிறார், மற்றவர் அது இருந்தால் நாசம் என்கிறார். என் கோவைகள் எனக்குக் காட்டியது வேறு. மனசுக்குள் மட்டும் இருந்த இலட்சியம் இடமாற்றக் கடிதத்தோடு போய்விட்டது. நேரசூசியிலோ, வான்காரனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்திலோ, சட்டத்திலோ ஏறிய இலட்சியம் நின்றது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

வீதியிலிருந்து தொடங்குகிறேன். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 முன்பு தொடர்ச்சியான வீதியாகவே இருக்கவில்லை. கிண்ணியாவில் ஒரு பாதை, உப்பாற்றில் ஒன்று, கங்கையில் ஒன்று, இறால்குழியில் ஒன்று, வெருகலில் ஒன்று. பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை; உங்களில் பலர் பார்த்தே இருக்கமாட்டீர்கள். திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில், அதாவது இயந்திரப் படகில், போனால் இதெல்லாம் மிச்சம், ஆனால் கொட்டியாரக் குடா கொந்தளித்தால் லோஞ்சும் இல்லை. அந்த நாளில் அந்தப் பக்கம் நியமனம் கிடைத்த ஆசிரியர் திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். பாடசாலை விடுதியிலோ, யாராவது ஒரு வீட்டு விறாந்தையிலோ தங்குவார். பின்னேரம் என்ன செய்வது? பிள்ளைகள் கொப்பியோடு வந்து நிற்கும், சொல்லிக்கொடுப்பார். கோயில் திருவிழாவுக்குக் கணக்கு எழுதுவார். ஊர்ச் சண்டைக்கு மத்தியஸ்தம் பார்ப்பார்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. கிட்டத்தட்ட 400 மீற்றர் நீளம். அடுத்த சில வருஷங்களில் மற்றத் துறைகளும் பாலங்களாகின. அதற்குப் பிறகு டவுனிலிருந்து காலையில் வானில் போய், ஒன்றரைக்கு மணியடித்ததும் அதே வானில் திரும்பலாம் என்றாயிற்று. ஒன்றரைக்குப் பிறகு அந்த ஊர்களில் ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை.

உடனே ‘அந்தக் கால ஆசிரியர்கள்போல வருமா’ என்று பெருமூச்சு விடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் கால ஆசிரியர் தங்கியதற்கு முதல் காரணம் பாலம் இல்லாதது. அவரிடம் இலட்சியம் இருந்ததா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. திரும்ப வழியில்லாமல் தங்கினார். தங்கிய இடத்தில் நல்லது நடந்தது. பாலத்தைக் குறை சொல்லவும் மாட்டேன். அதன் அருமை தெரிய வேண்டுமென்றால் கிண்ணியாவுக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் கேளுங்கள். அங்கே பாலம் கட்டி முடியாத நிலையில் ஓடிய தற்காலிகப் பாதை 2021 நவம்பர் 23ஆம் திகதி கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பிள்ளைகளும் இறந்தார்கள். பாலம் வேண்டும். பாலம் வந்த பிறகு பின்னேரங்களை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை, அதுதான் பிழை. முன்பு நிர்ப்பந்தம் செய்த வேலையை இப்போது ஏற்பாடு செய்ய வேண்டும்.

இனி இரண்டு ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவர்களும் விரும்பமாட்டார்கள்.

முதலாமவர் ஒரு சேர். விஞ்ஞானம். அந்தப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தன் சம்பளத்தில் கொப்பி வாங்கிக் கொடுத்தார், சனி ஞாயிறும் வகுப்பு எடுத்தார், வராத பிள்ளையை மோட்டார் சைக்கிளில் போய்க் கூட்டிவந்தார். பேப்பரில்கூடப் படம் வந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல், ஏனென்றால் பெற்றோர் எதற்கெடுத்தாலும் “அந்த சேரைப் பாருங்கோ” என்பார்கள். அவர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை. ஒருநாள் அவருடைய கோவை என் மேசைக்கு வந்தது. இடமாற்ற விண்ணப்பம். எல்லாரும் எழுதுகிற மாதிரியேதான்: தாயாரின் சுகவீனம், இணைப்பு மருத்துவச் சான்றிதழ், தங்கள் மேலான கவனத்துக்கு. தாய்க்கு உண்மையாகவே சுகமில்லை. ஆனால் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் கையால் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார்: “நான் களைத்துவிட்டேன்.” அலுவலகக் கடிதத்தில் அப்படி ஒரு வசனத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அவர் போன அடுத்த தவணையே அந்தப் பாடசாலையில் சனிக்கிழமை வகுப்பு இல்லை. பின்னால் வந்த விஞ்ஞான ரீச்சர் கெட்டவர் அல்ல, ஆனால் எதைச் செய்தாலும் ‘அந்த சேர்’ குறுக்கே நின்றார். ஒரு வருஷத்தில் அவரும் மாறிக்கொண்டு போனார்.

இரண்டாமவர் கணித ரீச்சர், ஈச்சிலம்பற்றுப் பக்கம். தியாகி என்று யாரும் சொல்லமாட்டார்கள். வாய் கொஞ்சம் நீளம், சம்பளப் பிந்தலுக்காக எங்கள் கந்தோரில் வந்து சத்தம் போட்டதில்தான் எனக்கு அவரைத் தெரியும். டவுனில் ரியூசனும் எடுத்தார். அவர் செய்தது சின்ன வேலை. தன்னோடு வானில் வந்த ஆசிரியர்களிடம் பேசி, செவ்வாயும் வியாழனும் வான் ஒன்றரைக்கு வெளிக்கிடாமல் மூன்று மணிக்கு வெளிக்கிடும் என்று ஒழுங்கு செய்தார். வான்காரன் முதலில் மறுத்தான், டவுனில் அவனுக்கு வேறு ஓட்டம் இருந்தது. அந்த இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாட்டைப் பெற்றோர் பார்த்துக்கொள்வதாகவும், அதில் அவனுக்கும் ஒரு பார்சல் என்றும் பேசி முடித்தார். பெற்றோரும் முறை வைத்துச் சமைத்துக் கொடுத்தார்கள். ஆசிரியர் அறைப் பலகையில் யார் எந்த நாள் எந்த வகுப்பு என்று எழுதிப் போட்டார். தன் ரியூசனையும் அதற்கேற்ற மாதிரி பின்னுக்குத் தள்ளினார். அவ்வளவுதான். படம் எதுவும் வரவில்லை.

அவரும் பிறகு மாறிப் போனார். ஆனால் செவ்வாயும் வியாழனும் மூன்று மணி வான் நின்றது. நான் ஓய்வுபெறுகிற வரைக்கும் நின்றது. புதிதாக வந்தவர்களுக்கு அதை யார் தொடங்கினார் என்றே தெரியாது. ‘இங்க செவ்வாய், வியாழன் மூன்று மணிதான்’ என்று சொன்னதும் சரி என்று இருந்துவிட்டார்கள்.

இந்த இரண்டு கோவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் மாமாவின் பேச்சை யோசித்தேன். முதல் ஆளைப் பார்த்தால் மாமா சொன்னது சரி. இரண்டாம் ஆளை மாமாவின் கணக்குக்குள் அடக்க முடியாது.

பெரிய ஆட்களின் கதையும் இதைத்தான் சொல்கிறது. நம்மூரில் விபுலானந்த அடிகளின் படம் இல்லாத பள்ளிக்கூடம் குறைவு. காவியுடையும் யாழ் ஆராய்ச்சியும் நமக்கு நினைவிருக்கின்றன. காரைதீவில் 1892இல் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் எடுத்து, நல்ல உத்தியோகத்தை விட்டு 1924இல் துறவியானார் என்பதை மேடைகளில் சொல்கிறோம். துறவியாகித் திரும்பி வந்தவர் இங்கே என்ன வேலை பார்த்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளை முகாமை செய்தார். திருகோணமலை இந்துக் கல்லூரியும் சங்கத்தின் கைக்கு வந்து அவருடைய பொறுப்பில் இருந்தது. 1929இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. பாடசாலை முகாமையாளர் என்றால் என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆசிரியருக்குச் சம்பளம் போக வேண்டும், அரசாங்க நன்கொடைக்குக் கணக்கு காட்ட வேண்டும், ஓடு பெயர்ந்தால் மாற்ற வேண்டும். துறவிக்கு எதற்கு இந்தப் புழுதி என்று அவர் நினைத்திருந்தால் நமக்கு இன்று படம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். 1931இல் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராகப் போனார். பள்ளிக்கூடங்கள் நின்றுவிடவில்லை.

இன்னொருவர் அந்தக் காலத்துக் கல்வி அமைச்சர் கன்னங்கரா. இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு எதிராக எவ்வளவு பேர், எவ்வளவு பணம் நின்றது என்பதெல்லாம் பழைய கதை. இரண்டு வருஷம் கழித்து, 1947 பொதுத்தேர்தலில் அவர் மத்துகமையில் தோற்றார். அந்த நேரம் நம்முடைய மாமா அங்கே இருந்திருந்தால் ‘பார், நல்லது செய்தவனுக்கு இதுதான்’ என்றிருப்பார். ஆனால் சட்டம் நின்றது. 1980இலிருந்து பாடநூலும் இலவசமாயிற்று, 1993இலிருந்து சீருடைத் துணியும். நீங்கள் வெருகலில் முதல் தவணை தொடங்கும்போது கட்டுக் கட்டாகப் புத்தகம் வந்து இறங்கும். அட்டை போட்டுக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்கள். வாங்குகிற பிள்ளைக்கு அது யாருடைய கனவு என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இலட்சியம் இந்தக் காலத்தில் தாக்குப்பிடிக்குமா என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது அந்தப் புத்தகக் கட்டைத்தான். நாட்டில் அரசாங்கங்கள் மாறின, யுத்தம் வந்து போனது, 2022இல் அரசு வங்குரோத்தே ஆனது. சில வருஷங்களில் புத்தகம் பிந்தி வந்திருக்கும், ஆனால் காசு கட்டி வாங்கு என்று யாரும் துணிந்து சொல்லவில்லை.

சரி, இதெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் நேர்மையில்லாதவன். நம்மூரில் இலட்சியத்தின் மீது சனத்துக்கு வெறுப்பு கிடையாது. பயம்தான். அந்தப் பயத்துக்குத் திகதி உண்டு. 2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006இல் ஆகஸ்ட் 4, நீங்கள் போகிற மூதூரிலேயே, பட்டினிக்கெதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் வளவுக்குள் 17 பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுனாமிக்குப் பிறகு அடிபட்டுக் கிடந்த சனத்துக்கு வேலை செய்யப் போன, இந்த மாவட்டத்துப் பிள்ளைகள். ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அந்த வருஷம் நீங்கள் சின்னப் பிள்ளைகள். உங்கள் அம்மா அப்பா அன்றைக்குப் பழகிய பழக்கம்தான் “ஊர்ச்சோலி உனக்கெதுக்கு, உன்ர வேலையப் பார்” என்று இன்றைக்கும் வருகிறது. அதைச் சுயநலம் என்று ஏசிவிடுவது சுகம். அவர்கள் பார்த்ததை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். ஆகவே அம்மாவோடு விவாதிக்க வேண்டாம். மூன்று மணி வானுக்கு அம்மாவின் அனுமதி கிடைக்கும், அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன், ஏனென்றால் ‘அறப்பணி’ என்ற சொல் அங்கேதான் அடிக்கடி கையிலெடுக்கப்படும். 2021இல் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக ஜூலையிலிருந்து ஒக்டோபர்வரை இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோது, ‘பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பணயம் வைக்கலாமா, இது அறப்பணியல்லவா’ என்று கேட்காதவர் இல்லை. அறப்பணி செய்கிறவருக்கும் வான்காசு உண்டு, வீட்டு வாடகை உண்டு என்று கேட்டவர்கள் குறைவு. அடுத்த வருஷம் எண்ணெய் இல்லாமல் பாடசாலைகளே மூடிக் கிடந்தன. சம்பளமற்ற லீவில் ஐந்து வருஷம்வரை வெளிநாடு போக அரச ஊழியருக்கு அரசே கதவைத் திறந்துவிட்டது. போனவர்களை நான் பழிக்கமாட்டேன். என் வீட்டிலிருந்தும் ஒருவர் போயிருக்கிறார். நான் சொல்வது இதுதான்: சம்பளத்துக்காகக் கொடி பிடிப்பதும் செவ்வாய்க்கிழமை மூன்று மணிவரை நிற்பதும் ஒரே ஆள் செய்யக்கூடியவை. ஒன்றைச் செய்தால் மற்றதற்குத் தகுதியில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரியூசனும் அப்படித்தான். ஒரு நிபந்தனை மட்டும்: வகுப்பில் சொல்லிக்கொடுக்காத பாடத்தை ரியூசனில் விற்க வேண்டாம். அதைச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுடைய கோவையில் அது எழுதப்படாது, ஆனால் ஊருக்குத் தெரியும்.

இடமாற்றங்களைத் தீர்மானிக்கிற மேலிடத்துக்கு இந்த மடலில் இடம் ஒதுக்க விருப்பமில்லை. ஒரு வரி மட்டும். கஷ்டப் பிரதேசத்துக்கு ஆளை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காமல், விடுதிக்குக் கதவும் கழிப்பறைக்குத் தண்ணீரும் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள் ஐயா. கட்டாய சேவைக்காலம் முடிந்த ஆசிரியரை, அமைச்சரின் கடிதம் கொண்டுவராத காரணத்துக்காக மறந்துபோகாதீர்கள். இரண்டு வரியாகிவிட்டது, பரவாயில்லை.

இனி உங்களுக்குக் கொஞ்சம் நடைமுறை.

போன முதல் மாதம் ஒன்றையும் மாற்றப் புறப்படாதீர்கள். பாருங்கள். எந்தப் பிள்ளை தோட்டத்துக்கும் கடலுக்கும் போய்விட்டு எந்த நாளில் வராது, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு, பின்னேரம் வகுப்பறைத் திறப்பு யாரிடம், தண்ணீர்த் தாங்கி எப்போது நிரம்பும். இதையெல்லாம் உங்களைவிடக் காவலாளிக்கு நன்றாகத் தெரியும். அவரோடு பிளேன்ரீ குடியுங்கள்.

தனியாக எதையும் தொடங்காதீர்கள். குறைந்தது இன்னொருவராவது சேர வேண்டும், அதுவும் உங்களுக்குப் பிடிக்காத ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. நண்பர்கள் இரண்டு பேரும் ஒரே தவணையில் மாறிப் போய்விடுவீர்கள். சொந்தக் காசில் கொப்பி வாங்கிக் கொடுப்பதை முடிந்தவரை தவிருங்கள். ஒரு பிள்ளைக்கு அவசரத்துக்குச் செய்யலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் பழைய மாணவர் சங்கமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ செய்ய வேண்டியதை நீங்கள் செய்தால், அவர்கள் நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும்.

களைத்துப்போனால் களைத்துவிட்டேன் என்று ஆரம்பத்திலேயே யாரிடமாவது சொல்லுங்கள். இடமாற்ற விண்ணப்பத்தின் பின்பக்கம்வரை அதைக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் காலம் முடிந்ததும் மாறி வரவும் வேண்டும், அதற்காகக் கூச்சப்படத் தேவையில்லை. டவுனில் உங்களுக்கும் தாய் தகப்பன் இருக்கிறார்கள், நாளைக்குப் பிள்ளைகள் வரும்.

மாறிப் போவதற்கு முன்பு ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கும். நீங்கள் செய்த ஒழுங்கு எதுவாக இருந்தாலும், அதை அதிபரிடம் சொல்லிச் பாடசாலை நடப்புகளைப் பதிந்துவைக்கிற சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் எழுதுவியுங்கள். பின்னேர வகுப்பு எந்த நாள், வான்காரனின் போன் இலக்கம், சாப்பாட்டு முறை யார் யாருக்கு, திறப்பு எங்கே. உங்கள் பெயரை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நாளும் நேரமும் தெளிவாக இருக்க வேண்டும். அடுத்த தவணை புதிதாக வருகிறவருக்கு அது போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்
திருகோணமலை